உலக முடிவுக்குப் போகிறவர்களுக்கு: ஹோட்டன் சமவெளி நடைக்கு ஒரு வழிகாட்டி

பண்டாரவளையில் குடியிருப்பதால் டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வே இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து சித்தப்பா, கொழும்பில் இருந்து கூடப் படித்தவர்கள், ரொறன்ரோவில் இருந்து லீவில் வந்த மச்சான் குடும்பம் என்று ஆள்தான் மாறும். கேள்வி ஒன்றுதான்: "ஹோட்டன் சமவெளிக்குப் போகவேண்டும், என்ன செய்வது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். முதல்முறை போனபோது யாராவது இதையெல்லாம் சொல்லியிருந்தால் எங்களுக்கும் பாதி அலைச்சல் குறைந்திருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடை கஷ்டமில்லை. வட்டப்பாதை முழுவதும் சேர்த்து ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல், நிதானமாகப் போனால் மூன்று நான்கு மணித்தியாலம். கஷ்டமெல்லாம் நடைக்கு முன்னால்தான். காலை ஒன்பது, ஒன்பதரைக்குப் பிறகு பள்ளத்தாக்கில் இருந்து முகில் ஏறத் தொடங்கிவிடும். இந்தத் தேசிய பூங்காவில் உலக முடிவு எனப்படும் செங்குத்து மலைவிளிம்பில் பத்து மணிக்குப் போய் நிற்பவர்களில் அநேகம் பேர் பார்ப்பது வெள்ளைச் சுவரைத்தான். ஆகவே எட்டு, எட்டரைக்கு அந்த விளிம்பில் நிற்கவேண்டும் என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

1. மாதத்தையும் கிழமையையும் முடிவு செய்யுங்கள்

ஜனவரி நடுப்பகுதியில் இருந்து மார்ச் முடியும்வரை நல்ல காலம். வானம் தெளிவாக இருக்கும், மழை குறைவு. அதற்குப் பதிலாகக் குளிர் கடுமை. சமவெளி கடல் மட்டத்தில் இருந்து 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 13 பாகை அளவில்தான். ஜனவரி, பெப்ரவரி விடியக்காலையில் புல் நுனியெல்லாம் உறைபனி பிடித்து வெளுத்துக் கிடக்கும். வன்னியில் இருந்தோ மட்டக்களப்பில் இருந்தோ வருகிறவர்கள் இதைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம்.

ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலம். அறை வாடகை ஏறிவிடும், வாயிலில் வாகன வரிசையும் நீளும். மே கடைசியில் இருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. சில நாள் அருமையாக இருக்கும், சில நாள் குடை பிடிக்கவே விடாது. அக்டோபர், நவம்பரில் மழையோடு மண்சரிவுப் பயமும் சேர்ந்துகொள்ளும். அந்த மாதங்களில் வருவதானால், புறப்படும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் அழைத்து வீதி நிலைமையைக் கேட்கலாம். மலைநாட்டில் ஒரு வளைவில் மண் விழுந்தால் முழுப் பயணமும் அங்கேயே நின்றுவிடும்.

கிழமை என்றால் செவ்வாய், புதன், வியாழன். போயா தினம், நீண்ட வார இறுதி, பாடசாலை விடுமுறை மூன்றையும் முடிந்தவரை தவிருங்கள். கூட்டம் பிடிக்காது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அப்படியான நாட்களில் வாயிலில் சீட்டு வாங்கி, பை சோதனை முடிந்து வெளியே வரவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விடலாம். முகில் உங்களுக்காகக் காத்திருக்காது.

2. எந்த வாயிலால் போவது?

வாயில்கள் இரண்டு. நுவரெலியாப் பக்கம் இருந்து வந்தால் பட்டிப்பொல வாயில், ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் இருந்து வந்தால் ஒஹிய வாயில். இரண்டு வழியும் உள்ளே போய்ச் சேருமிடம் ஒன்றுதான்: ஃபார் இன் எனப்படும் பார்வையாளர் நிலையம். நடை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நுவரெலியாவில் இருந்து 32 கிலோமீற்றர். பிளக்பூல் சந்தியால் திரும்பி, அம்பேவெல மாட்டுப்பண்ணையைக் கடந்து, பட்டிப்பொல ஊரால் மேலே ஏறவேண்டும். இருட்டில் ஒன்றேகால் மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை வருகிறவர்களுக்கு இந்த வழியைத்தான் சொல்வேன். தங்குவதற்கு எல்லா விலையிலும் இடம் இருக்கிறது, வாகனம் பிடிப்பதும் சுலபம்.

ஹப்புத்தளைப் பக்கத்து வழி பொரலந்தவால் ஒஹியவுக்குப் போகிறது. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த ஒடுங்கிய வீதி. அழகு அதிகம், வாந்தி எடுக்கும் பிள்ளைகள் இருந்தால் அந்த அழகு தெரியாது. இந்தப் பக்கத்து வளைவுகளில் ஓட்டிப் பழகிய சாரதி இருந்தால் மட்டும் இருட்டில் வாருங்கள்.

ரயிலில் வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டிப்பொல, ஒஹிய இரண்டிலும் நிலையம் உண்டு. இந்தப் பாதையிலேயே உயரமான நிலையம் பட்டிப்பொலதான், 1,891 மீற்றர். ஆனால் கொழும்பில் இருந்து காலை புறப்படும் ரயில் இங்கே வந்து சேரப் பின்னேரம் ஆகிவிடும். அன்றைக்கு நடை சரிவராது. இரவு எங்காவது தங்கி, மறுநாள் விடியக்காலைக்கு ஆட்டோவை முதல் நாளே பேசி வைக்கவேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவால் மலைநாட்டு ரயில் பாதை நாட்கணக்காக, சில வேளை மாதக்கணக்காக மூடப்படுவதும் உண்டு. ரயில் ஓடுகிறதா என்று நிலையத்தில் கேட்டுவிட்டே அறையைப் பதிவு செய்யுங்கள்.

ஒஹிய நிலையத்தில் இருந்து சமவெளிக்கு நடந்தே ஏறலாம் என்று சில பழைய குறிப்புகளில் இருக்கும். ஏறலாம்தான். பத்து கிலோமீற்றருக்கு மேல் ஏற்றம், மூன்று மணித்தியாலம். அதன்பிறகு வட்டப்பாதை, அப்புறம் திரும்பி இறக்கம். இளவட்டங்கள் முயன்று பாருங்கள், அத்தையையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு வேண்டாம்.

3. வாகனம் பேசுவது

முதலில் கேட்கப்போகும் பொய்: "கார் ஏறாது, ஜீப் எடுத்தால்தான் போகலாம்." வாகனத் தரிப்பிடம் வரைக்கும் தார் வீதிதான். கார், வான், ஆட்டோ எல்லாம் ஏறுகின்றன. இது யால மாதிரி ஜீப்பில் இருந்தபடி விலங்கு பார்க்கும் பூங்கா அல்ல. வாகனத்தை நிறுத்திவிட்டு நடக்கிற இடம். சொந்த வாகனம் இருந்தால் அதிலேயே வாருங்கள், பிரேக் மட்டும் சரியாக இருக்கட்டும். ஆட்டோ மலிவு, ஆனால் விடிய நான்கரை மணிக் குளிர் இரண்டு பக்கத்தாலும் அடிக்கும். காதை மூடிக்கொள்ள ஏதாவது வேண்டும்.

வாடகை பேசும்போது தொகையை மட்டும் கேட்டுவிட்டு விடாதீர்கள். நான்கு விஷயத்தைச் சேர்த்துக் கேளுங்கள். போய் வருவதற்குமான மொத்தத் தொகையா? மேலே ஐந்து மணித்தியாலம் காத்து நிற்பதற்கும் சேர்த்தா? பூங்காவுக்குள் வாகனத்துக்கு அறவிடும் கட்டணம் யார் கணக்கில்? ஆட்களின் நுழைவுச்சீட்டு இதற்குள் அடங்குமா? நான்காவதுக்குப் பதில் அநேகமாக "இல்லை" என்றுதான் வரும். ஆனால் கேட்காவிட்டால் "எல்லாம் சேர்த்துத்தான்" என்று நினைத்துக்கொண்டு கவுண்டர் முன்னால் நின்று முழிக்க நேரிடும். விலைகள் எரிபொருளோடு ஏறி இறங்குவதால் நான் இங்கே தொகை எழுதவில்லை. தங்குமிடத்தில் ஒரு விலை, வெளியே நிற்கும் சாரதிகள் இரண்டு பேரிடம் ஒரு விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பேசியதை வட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பி, "ஓகே" என்ற பதிலை வாங்கி வையுங்கள். நேரத்தையும் அதில் எழுதுங்கள். எங்களுக்கு ஒருமுறை நான்கரைக்கு வருவதாகச் சொன்ன வான் ஆறு மணிக்கு வந்தது. "விடியக்காலை என்றுதானே சொன்னீர்கள்" என்றார் சாரதி. வாதாடி என்ன பயன், அன்றைய முகிலை யார் விலக்குவது?

4. ஆவணங்களும் காசும்

அதிகமான பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

உள்நாட்டவர் கட்டணம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். வெளிநாட்டவருக்கு டொலர் கணக்கு. பெரியவர் ஒருவருக்கு அடிப்படைக் கட்டணமே 25 டொலர் அளவில் வரும். அதற்கு மேல் குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், வாகனத்துக்குத் தனிக் கட்டணம், எல்லாவற்றுக்கும் சேர்த்து வற் வரி. நான்கு பேர் போனால் 100 டொலரைத் தாண்டிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டொலரை அன்றைய மாற்று விகிதத்தில் ரூபாயாகத்தான் அறவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைவு. கட்டணங்கள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. ஆகவே வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அந்த வாரத்துக் கட்டணத்தைப் பார்த்துவிட்டுக் காசு எடுங்கள்.

எந்தக் கட்டணம் என்று தீர்மானிப்பது உங்கள் முகமோ பேச்சோ அல்ல, கையில் இருக்கும் ஆவணம். கவுண்டர் முன்னால் ஒரு மாமா "நான் பிறந்தது பருத்தித்துறையில், படித்தது ஹாட்லிக் கல்லூரியில்" என்று விளக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். கையில் கனடாக் கடவுச்சீட்டு மட்டும்தான் இருந்தது. ஹாட்லிக் கல்லூரிக்குத் தள்ளுபடி கிடைக்கவில்லை.

ஆகவே:

இலங்கையர் ஒவ்வொருவரும் தேசிய அடையாள அட்டையைக் கொண்டுவர வேண்டும். தொலைபேசியில் எடுத்த படத்தை நம்பி வராதீர்கள். அட்டை தொலைந்திருந்தால் சாரதி அனுமதிப்பத்திரமோ இலங்கைக் கடவுச்சீட்டோ கொண்டுவாருங்கள்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ எடுத்து வாருங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டை மட்டும் நீட்டினால் டொலர் கணக்குத்தான்.

வெளிநாட்டில் இருந்து வரும் உறவினர்கள் கடவுச்சீட்டை விடுதிப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு வரவேண்டாம். பிள்ளைகளுக்கும் இதுதான். பிள்ளையின் வயதைக் காட்ட ஏதாவது கையில் இருந்தால்தான் குறைந்த கட்டணம் பற்றிப் பேசலாம்.

கலப்புக் குடும்பமாகப் போனால், அதாவது பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே என்றால், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் எல்லாரையும் ஒரே சீட்டில் போடச் சொல்லுங்கள். சேவைக் கட்டணம் குழுவுக்கு ஒன்று. இரண்டு வானில் வந்து இரண்டு தடவையாகச் சீட்டு எடுத்தால் இரண்டு தடவை கட்டவேண்டி வரும்.

வங்கி அட்டையால் கட்டலாம் என்று யாராவது சொல்லியிருந்தாலும் ரொக்கமாகக் கொண்டுபோங்கள். மலையில் இணைப்புப் போனால் இயந்திரமும் போய்விடும். பூங்காவுக்குள் ஏடிஎம் கிடையாது. நுவரெலியாவிலோ வெலிமடையிலோ பண்டாரவளையிலோ முதல் நாளே எடுத்துவிடுங்கள். பற்றுச்சீட்டைத் திரும்பி வெளியே வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

பணத்தைக் கொடுப்பது ஒருவர், அடையாள அட்டை வைத்திருப்பது இன்னொருவர், அவர் பின் சீட்டில் தூக்கம் என்று இருக்கக்கூடாது. முதல் நாள் இரவே எல்லா அட்டைகளையும் கடவுச்சீட்டுகளையும் ஒரு துணிப்பைக்குள் போட்டு ஒருவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவர்களும் வாழ்த்துவார்கள்.

5. பையைக் கட்டுவது

நடைபாதை தொடங்கும் இடத்தில் உத்தியோகத்தர்கள் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே போகமுடியாது. பேச்சுக்காக அல்ல, உண்மையாகவே பார்ப்பார்கள். பிஸ்கட் பக்கற்று, சொப்பிங் பேக், லன்ச் சீட், டொபி உறை எல்லாம் அகப்படும். தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுபோகலாம், ஆனால் அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையைக் கிழித்து எடுத்துவிடுவார்கள். இந்தச் சோதனையை நான் மனதார ஆதரிக்கிறேன். மரைகள் (இங்கே மேயும் பெரிய காட்டு மான்கள்) உப்புச் சுவைக்காகப் பொலித்தீனைத் தின்றுவிடும், அது குடலில் சிக்கி இறந்துபோகும். கோபம் வந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே போய் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு நிற்பதை விட வீட்டிலேயே பிரித்துவிடலாம். பிஸ்கட்டை டின்னுக்குள் கொட்டுங்கள். ரொட்டி, சம்பலை வாழையிலையில் சுற்றி மேலே கடதாசி சுற்றுங்கள், அல்லது சாப்பாட்டுப் பெட்டியில் வையுங்கள். பேக்கரியில் வாங்குவதானால் பணிஸ், ரோல்ஸைக் கடதாசிப் பையில் போடச் சொல்லுங்கள். வாழைப்பழம் எல்லாவற்றிலும் சிறந்தது. உறையும் அதுவே கொண்டுவருகிறது, ஆனால் தோலை எறியாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். மாற்று உடுப்பைப் பொலித்தீனில் சுற்றும் பழக்கம் நம் அம்மாக்களுக்கு உண்டு, அதையும் துணிப்பைக்கு மாற்றுங்கள்.

மதுபானம், சிகரெட், லைட்டர் எடுக்கவேண்டாம். பாட்டுப் பெட்டியும் வேண்டாம். ட்ரோன் பறக்கவிட முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் நடக்கிற நேரம் முழுவதும் விளக்கம் சொல்வதிலேயே கழிந்துவிடும்.

உடுப்பு விஷயத்தில் ஒரே தடித்த ஜக்கெற்றை விட, கழற்றிப் போடக்கூடியதாக இரண்டு மூன்று அடுக்கு நல்லது. ஆறரைக்கு நடுங்குவீர்கள், ஒன்பது மணிக்கு வியர்க்கும், பதினொன்றுக்கு மழை தூறும். தொப்பி, கையுறை பிள்ளைகளுக்குக் கட்டாயம். வெயில் குளிரில் தெரியாது, ஆனால் அந்த உயரத்தில் மூக்கும் கழுத்தும் கருகிவிடும். சன் கிறீம் பூசுங்கள். காலில் பிடிப்புள்ள சப்பாத்து. பாதையில் செம்மண், உருளைக்கல், வேர் மூன்றும் உண்டு, மழை பெய்தால் வழுக்கும். ரப்பர் செருப்போடு போகிறவர்களையும் பார்க்கிறேன், போகிறார்கள்தான், பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி இறக்கத்தில் பலர் உட்கார்ந்தே இறங்குகிறார்கள்.

ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். ஓடைத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்கவேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையில் வையுங்கள், வானில் விட்டுவிட்டு வரவேண்டாம்.

6. வாயிலில் இருந்து ஃபார் இன் வரை

வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. கால் மணி முன்னதாக வரிசையில் நில்லுங்கள். நுவரெலியாவில் இருந்து நான்கரை மணிக்குப் புறப்பட்டால் இது சரியாக வரும்.

சீட்டு எடுத்தபிறகு இன்னும் சில கிலோமீற்றர் வாகனத்திலேயே போகவேண்டும். அந்த நேரத்தில் மரைகள் வீதியோரம் மேயும். மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். தரிப்பிடத்தில் ஒன்றிரண்டு மரை வாகனக் கதவுவரை வந்து தலையை நீட்டும். பிள்ளைகள் கத்துவார்கள், பணிஸ் கொடுக்கச் சொல்லிக் கேட்பார்கள். கொடுக்கவேண்டாம். அது கொம்புள்ள பெரிய காட்டு விலங்கு, மனிதர் கொடுத்துக் கொடுத்துத்தான் இப்படிக் கெஞ்சப் பழகிவிட்டது. உணவு கொடுப்பது தடையும்கூட.

கழிவறை வேலையை இங்கேயே முடித்துவிடுங்கள். பாதையில் புதருக்குப் பின்னால் போகலாம் என்று எண்ணாதீர்கள், அது சதுப்பு நிலம்.

7. நடை

தொடக்கம் திறந்த புல்வெளி. பத்தனா என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள், அதுதான் இது. பொன்னிறப் புல், நடுவே ஓடை, ஆங்காங்கே முறுக்கிய கிளைகளோடு தனித்து நிற்கும் ரோடோடென்ட்ரன் மரங்கள், பருவத்தில் வந்தால் இரத்தச் சிவப்புப் பூ. புல்வெளி முடியும் இடத்தில் காடு ஒரு கோடு கிழித்த மாதிரித் தொடங்கும். முகில் காடு. மரங்கள் குட்டை, உச்சி குடை விரித்தது போல் தட்டை, தண்டு முழுக்கப் பாசி. காற்றும் குளிரும் மரத்தை உயர விடுவதில்லை. மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் தண்ணீர் சேர்வது இந்தப் பாசியும் புல்லும் பிடித்துவைக்கும் ஈரத்தில் இருந்துதான். பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கவேண்டாம் என்று பலகை வைத்திருப்பதன் காரணம் அதுவே. தவிர, புல் மூடிய சேற்றுக்குள் முழங்கால்வரை போகும் இடங்களும் உண்டு.

கொஞ்சத் தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். பெயர்ப்பலகையில் ஒரு பக்கம் சிறிய உலக முடிவு, மறுபக்கம் பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி. வட்டப்பாதை என்பதால் எந்தப் பக்கம் போனாலும் சுற்றி இங்கேதான் வருவீர்கள். ஆனால் நீங்கள் முதலில் எடுக்கவேண்டியது சிறிய உலக முடிவுப் பக்கம். நீர்வீழ்ச்சி பதினொரு மணிக்கும் அங்கேயேதான் இருக்கும், பள்ளத்தாக்குக் காட்சி இருக்காது. "ஃபோட்டோ எடுத்துக்கொண்டு அருவிப் பக்கமாகப் போவோம்" என்று யாராவது குழுவில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சிறிய உலக முடிவில் பள்ளம் ஏறத்தாழ 270 மீற்றர். கூட்டம் குறைவாக இருக்கும், பத்து நிமிடம் நிற்கலாம். அதற்குமேல் நின்றால் பெரியதுக்குப் பிந்திவிடும்.

அங்கிருந்து காட்டோரமாக ஏறி இறங்கி நடந்தால் உலக முடிவு. செங்குத்தாக ஏறத்தாழ 870 மீற்றர். தெளிவான காலையில் நேர் கீழே தேயிலைத் தோட்டமும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் தீப்பெட்டி அளவில் தெரியும், இன்னும் தள்ளி சமனலவெவ நீர்த்தேக்கம், அதற்கப்பால் தென்புறச் சமவெளி. காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகும் நேரம் அது, கீழே இருப்பவர்களுக்கு வேலை தொடங்கியிருக்கும்.

விளிம்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். இங்கே விழுந்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். பாறை பனியில் ஈரமாக இருக்கும். விளிம்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்பி எடுப்பது, காலைத் தொங்கவிட்டு உட்காருவது, "இன்னும் கொஞ்சம் பின்னால் போ" என்று படம் எடுப்பவர் சொல்வது, மூன்றும் வேண்டாம். சிறுபிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு விளிம்புக்குப் போகாதீர்கள், கையைப் பிடித்து இரண்டு மீற்றர் உள்ளே நிறுத்துங்கள். காட்சி அங்கிருந்தும் அப்படியேதான்.

போய்ச் சேரும்போது முகில் மூடியிருந்தால்? உடனே திரும்பவேண்டாம். காற்று அடித்தால் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு ஜன்னல் திறக்கும். இருபது நிமிடமாவது பொறுத்துப் பாருங்கள். காற்றே இல்லாமல் கனத்த வெள்ளையாக நின்றால் அன்றைக்கு இனி விலகாது, நடையைக் கட்டுங்கள்.

மற்றப் பாதிதான் எனக்குப் பிடித்தது. அவசரம் முடிந்துவிடும், காட்டுக்குள் குருவிச் சத்தம் கேட்கத் தொடங்கும். மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று இந்த மலைகளில் உண்டு. கிளையோடு கிளையாக அசையாமல் இருக்கும், பிள்ளைகளுக்கு நம்மைவிட முதலில் கண்ணில் படும். சிறுத்தையும் இருக்கிறது, அதைக் காண்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு, எச்சம் பாதையில் கிடக்கலாம். பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்குப் பக்கவழியாகச் சரிவில் இறங்கவேண்டும். உயரம் 20 மீற்றர் அளவு. முழங்கால் வலி உள்ளவர்கள் மேலே நின்றே சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போகலாம். குளிப்பது தடை. அதன்பிறகு மறுபடி புல்வெளி, நிழலே இல்லாத ஒரு மணித்தியாலம். வெயில் ஏறியிருக்கும், தண்ணீரை இதற்காக மிச்சம் பிடியுங்கள்.

வயதானவர்களும் நான்கு வயதுப் பிள்ளையும் இருந்தால் முழு வட்டத்தையும் வற்புறுத்தாதீர்கள். சிறிய உலக முடிவுவரை போய் வந்த வழியே திரும்பலாம், அதுவே நல்ல நடை. வழிகாட்டி ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று யாராவது சொன்னால், இந்த வட்டப்பாதைக்குத் தேவையில்லை. பறவை பார்ப்பதற்கென்றே வருகிறவர்களுக்கு மட்டும் நல்ல வழிகாட்டி காசுக்குத் தகும்.

கால் சுளுக்கினால் நடந்து வரும் மற்றவர்களிடம் சொல்லி ஃபார் இன்னுக்குத் தகவல் அனுப்புங்கள். தொலைபேசி இணைப்பு இடையிடையே அறுந்துபோகும். இணைப்புக் கிடைத்தால் 1990 இலவச அம்புலன்ஸ். பெரிய ஆஸ்பத்திரி நுவரெலியாவில்.

8. வேறு பாதைகள்

உலக முடிவைப் பார்த்துவிட்டவர்களுக்கு இரண்டு மலைகள் இருக்கின்றன. அதே நுழைவுச்சீட்டு போதும்.

தொட்டுபொல மலை 2,357 மீற்றர், நாட்டில் மூன்றாவது உயரம். ஏறும் இடம் பட்டிப்பொல வாயிலுக்குக் கிட்ட, வீதியோரத்திலேயே. ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர், ஒரு மணித்தியால ஏற்றம். வட்டப்பாதையை முடித்துவிட்டுப் பின்னேரம் ஏறலாம் என்று திட்டம் போடுகிறார்கள். மழை வந்து கெடுத்துவிடும். இதற்கென்று இன்னொரு காலையை ஒதுக்குங்கள்.

கிரிகல்பொத்த 2,388 மீற்றர். நாட்டில் இரண்டாவது. முதலாவதான பீதுருதலாகலவில் பாதுகாப்புக் காரணத்தால் நடந்து ஏற விடுவதில்லை, ஆகவே நாமாக நடந்து ஏறக்கூடிய உச்சிகளில் இதுவே உயரம். ஃபார் இன் பக்கத்தில் இருந்து ஒருவழி ஏழு கிலோமீற்றர் அளவு. குட்டை மூங்கில் புதர், சேறு, புல்லில் மறைந்துபோகும் தடம். போய்வர ஆறு மணித்தியாலம் வையுங்கள். வழி தெரிந்த ஒருவர் கூட வராமல் ஏறவேண்டாம். புறப்படும் முன் அலுவலகத்தில் எத்தனை பேர், எந்த மலை என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

9. உள்ளேயே தங்க விரும்பினால்

திணைக்களத்துக்குச் சொந்தமான விடுதிகளும் கூடாரம் அடிக்கும் இடங்களும் பூங்காவுக்குள் உண்டு. வாயிலில் போய் நின்று கேட்டால் கிடைக்காது. முன்கூட்டியே திணைக்களத்தில் பதிவு செய்யவேண்டும், விடுமுறை வாரங்கள் வேகமாக நிரம்பிவிடும். தங்கும் கட்டணத்துக்கு மேலே நுழைவுக் கட்டணம் தனி. கூடாரத்துக்குப் போவதானால் ஜனவரிக் குளிருக்கு வீட்டுப் போர்வை போதாது. விறகு பொறுக்கி நெருப்பு மூட்டுவோம் என்று நினைத்தும் போகவேண்டாம்.

10. இறங்கும்போது

பதினொன்று, பதினொன்றரைக்குத் தரிப்பிடத்துக்கு வந்துவிடுவீர்கள். சிற்றுண்டிச்சாலையில் தேநீர் கிடைக்கும், விலையைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள். சாப்பாட்டை வாகனத்துக்குள் இருந்து சாப்பிடுங்கள், வெளியே விரித்தால் மரையும் காகமும் பங்கு கேட்கும்.

சாரதி விடிய மூன்றரைக்கு எழும்பியவர், நீங்கள் நடந்த நேரத்தில் அவர் தூங்கினாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் அரை மணித்தியாலம் படுக்கவிட்டுப் புறப்படுங்கள். இறக்கத்தில் முகில் வீதியை மூடியிருக்கும். சொந்த வாகனம் ஓட்டுகிறவர்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காமல் இரண்டாம் கியரில் விடுங்கள், ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போடுங்கள். ஒஹியப் பக்கம் இறங்குவதானால் ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடியுங்கள், எதிரே மரக்கறி லொறி வரும்.